'டிரை' என்றால் உலர்திராட்சை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பிரெஞ்சு சிவப்பு ஒயின் கட்டுரை, 'டிரை ஒயின்' என்பதை 'உலர்திராட்சை ஒயின்' என்று பெயர்த்திருக்கிறது. கோத் டு ரோன் ஒரு திராட்சை ரகம் என்றும் சொல்கிறது. இரண்டும் தவறு.

'டிரை' என்றால் இனிப்பில்லாதது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு கள்ளாகும்போது தித்திப்பு போய்விடுகிறதே, அதே வேலைதான் இங்கும்: சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. மிஞ்சுவது பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள். பெங்களூரு ப்ளூ திராட்சையோடு சர்க்கரை கொட்டி கிறிஸ்துமஸுக்கு ஊறவைக்கும் வீட்டு ஒயினில் பழகிய நாக்குக்கு இது துவர்க்கும். கெட்டுப்போனதால் வரும் துவர்ப்பு அல்ல அது. தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்.

கோத் டு ரோன் என்பது தென்கிழக்கு பிரான்சில் ரோன் ஆற்றையொட்டிய வட்டாரம். அங்குள்ள ரோக்மோர் படகுத்துறையில் ஏற்றும் பீப்பாய்களில், கோத் டு ரோனின் சுருக்கமான 'சி.டி.ஆர்.' என்று சூடு போட வேண்டுமென 1737-இல் அரசாணை வந்தது. வெளியூர்ச் சரக்கு அந்தப் பெயரில் நுழையாமலிருக்கத்தான். விளையும் இடத்தின் பெயரைக் காக்கும் இன்றைய 'ஏ.ஓ.சி.' என்ற பிரெஞ்சு சட்டப் பாதுகாப்பு 1937-இல் கிடைத்தது; நம் புவிசார் குறியீட்டின் மூத்த உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

"மலிவாக்கவே பல ரகங்களைக் கலக்கிறார்கள்" என்ற வரிதான் மிகவும் உறுத்தியது. தென் ரோனில் பெரும்பங்கு கிரெனாஷ் என்ற திராட்சை ரகம். வெயிலில் நன்றாகப் பழுத்து ஆல்கஹாலும் பழ மணமும் தரும். ஆனால் தோல் மெலிது, நிறம் குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறும். சிரா என்ற ரகம் அடர்நிறத்தையும் மிளகு வாசத்தையும் கொண்டுவருகிறது. மூன்றாவது ரகமான மூர்வெத்ர் டானின் மிகுந்தது, காற்றுப் பட்டாலும் எளிதில் பழுப்பேறாது. கடைசியில் பழுப்பதால், குளிர் முந்திக்கொண்ட ஆண்டில் பச்சை நெடி அடிக்கும். எந்த ஆண்டு எது காலை வாருமென்று தெரியாத விவசாயிக்கு மூன்றும் தேவை. மிஸ்ட்ரல் என்ற வடகாற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்குப் பின் இலைகளை உலர்த்தி அழுகலைத் தடுக்கும் அதே காற்று, சிராவின் இளந்தளிர்களை முறித்துப்போடும். அதனால் சிராவைக் கம்பியில் கட்டுகிறார்கள். கிரெனாஷ் புதர்போல் தானே நிற்கும்.

'அறை வெப்பநிலையில் பரிமாறுக' என்ற அறிவுரை பிரான்சின் பழைய கல்வீடுகளுக்குச் சரி. பெங்களூரின் ஏப்ரல் மாத அறைக்குப் பொருந்தாது. 30 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழ மணம் அமுங்கிவிடும். 16 முதல் 18 டிகிரி போதும். வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டுப் புட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ்கட்டி புட்டியை முழுதாகத் தொடாது, நேரம் பிடிக்கும். கூடச் சாப்பிடும் உணவில் மிளகாய்க் காரம் தூக்கலாக இருந்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். காரம் அடக்கிய ஆட்டுக்கறி வறுவல் ஒத்துப்போகும். திறந்த புட்டியை மூடி குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரிப் புட்டியைத் தொடாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். கழுத்து உறை புடைத்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ உள்ளிருப்பது வெந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓட்டல் பணியாளர்,
அல்சூர், பெங்களூரு