நாட்சம்பளத்தோடு வேலைநாளையும் கிலோவையும் எழுதி வையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றி உங்கள் பத்திரிகையில் நடக்கும் விவாதத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். 1,000 ரூபாவா, 1,350 ரூபாவா, 1,750 ரூபாவா என்று எல்லோரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார்கள். மாத முடிவில் ஒரு கொழுந்துக்காரியின் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. மாதத்தில் எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழுகிறது, ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள், கொடுக்கும் தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி கம்பனி தருவது 1,550 ரூபா, அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாகத் தருவது 200 ரூபா. 1,550ஐ 25 நாளால் பெருக்கினால் 38,750 ரூபா வரும். மேடைகளில் காட்டப்படுவது இந்தக் கணக்குத்தான். வறட்சி மாதத்தில் கொழுந்து குறைந்து, தோட்டம் 15 நாள் மட்டும் வேலை கொடுத்தால் அதே சம்பளம் 23,250 ரூபா. நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளமோ 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாளொன்றுக்கான தேசிய அளவு 1,200 என்பதால் 1,550 அதைவிட உயர்வாகத் தெரிகிறது. ஆனால் 19 நாள் வேலை செய்தவருக்குக்கூடக் கம்பனி தருவது 29,450 ரூபாதான். வேலை கொடுக்காத நாளுக்கு வருகைக் கொடுப்பனவும் கிடையாது. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் வேலை தரவேண்டும், தர முடியாவிட்டால் இவ்வளவு ஈடு கொடுக்கவேண்டும் என்று எழுதப்படாத எந்தச் சம்பள உயர்வையும், வேலை நாளைக் குறைத்தே ஒரு நிர்வாகம் சரிக்கட்டிவிடலாம்.

கிலோவின் கதை இதைவிடக் கொடுமையானது. ஒரு பேருக்கு 18 கிலோ கேட்கும் ஒரு மலையை, அதாவது தேயிலை நிலத்தை, எடுத்துக்கொள்வோம். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று நிறுவைக்கு ஒரு கிலோ வெட்டினாலே நாளுக்கு மூன்று கிலோ போய்விடும். 20 கிலோ பறித்தவரின் பெயரில் 17 கிலோ விழும். ஒரு கிலோ குறைந்ததற்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் அவருக்கு 775 ரூபா. வெட்டாமல் நிறுத்திருந்தால் முழுப்பேரும் இரண்டு கிலோவுக்கான மேலதிகக் காசும் சேர்ந்திருக்கும். வெட்டிய கொழுந்து மலையிலேயே கிடப்பதில்லை, தொழிற்சாலைக்குத்தான் போகிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் என்ற கணக்கில், அந்த மூன்று கிலோவில் 650 கிராம் அளவுக்குத் தூள் கிடைக்கும்.

மழை நாளில் கொழுந்து தண்ணீரைச் சுமக்கும் என்பது உண்மை. அதற்குக் கழிவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. வெறும் சாக்கை முதலில் நிறுத்து அந்த எடையை மட்டும் கழிக்கலாம். ஈரத்துக்கான கழிவைத் தொழிற்சங்கத்தோடு பேசி முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை பதித்த தராசில் நிறுத்து, ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு கொடுக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய விதைத் தேயிலை மலைக்கும் நன்றாகத் தழைக்கும் வீ.பீ. (வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த கன்று) மலைக்கும் ஒரே கிலோ கேட்பது நியாயமில்லை. ஏழு நாளுக்கொரு முறை பறிக்கவேண்டிய மலைக்கு ஆளில்லாமல் 12, 14 நாள் கழித்துப் போனால் கொழுந்து முற்றிவிடும். முற்றலைக் கிள்ளி எறிந்துவிட்டு நல்ல கொழுந்தாகத் தேடிப் பறிக்க இரட்டிப்பு நேரம் பிடிக்கும். புல் வெட்டாத மலையில் காலடியைப் பார்த்து நடப்பதிலேயே பாதி நேரம் போகும், அட்டையும் குளவியும் வேறு. நிர்வாகம் மலையைக் கவனிக்காததற்குத் தொழிலாளியின் பேரை அரையாக்குவது எந்த வகை நியாயம்?

அடிப்படைச் சம்பளத்தின் அருமை வேலையை விடும் நாளில்தான் தெரியும். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்றார்கள். அதில் அடிப்படை 500, மீதி 230 ரூபா வருகை, உற்பத்தி, விலைப்பங்கு என்ற கொடுப்பனவுகள். ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதி அந்த 500க்குத்தான். தொழில்தருநர் கட்டும் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் என்று பார்த்தால், வெளியே விடப்பட்ட 230 ரூபாவால் நாளுக்கு 34.50 ரூபா, 25 நாளுக்கு 862.50 ரூபா தொழிலாளியின் பெயரில் சேராமல் போனது. நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்கிடும் பணிக்கொடையும் அதே அளவுக்குச் சுருங்கும். இப்போதைய 200 ரூபாவையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டுகின்றன. செலவில் பெரும்பங்கு கூலி என்பதை மறுக்க முடியாது. ஆனால் மறுநடுகை பிந்தி, செடிகள் கிழடாகி, இடையிடையே வெற்றிடம் விழுந்த மலையில் ஒரு கிலோவுக்கான கூலி எப்படியும் கூடத்தான் செய்யும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்ததும் விளைச்சலை அடித்தது. இவற்றில் எதையும் தொழிலாளி முடிவு செய்யவில்லை. நாட்டு வறுமை 14.3 வீதமாக இருந்த 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தோட்டப்புற வறுமை 33.8 வீதம். நட்டத்தைப் பங்கிட அங்கே எதுவும் மிச்சமில்லை.

2021இல் சம்பள நிர்ணய சபை 900 ரூபாவோடு 100 ரூபா சேர்த்து நிர்ணயித்த பிறகு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. வேலைநாள், கிலோ பற்றிப் பேசும் இடமும் அத்தோடு போயிற்று. அந்த இடத்தை மீட்காமல் தொழிற்சங்கங்கள் வர்த்தமானியில் வரும் தொகையை மட்டும் கொண்டாடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தொழில் திணைக்களத்திடம் உடனடியாகக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மொத்தத் தொகையோடு கொடுத்த வேலைநாள், முழுப்பேர், அரைப்பேர், பறித்த கிலோ, வெட்டிய கிலோ, சேமலாப நிதிக்குக் கணக்கெடுத்த தொகை ஆகியவற்றைத் தனித்தனியாக அச்சிடக் கட்டளையிட வேண்டும். பரிசோதனைக்கு வரும் அதிகாரிகள் செக்ரோலை (வருகை, சம்பளப் பதிவேட்டை) மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், நிறுவைப் புத்தகத்தையும் தொழிற்சாலையில் பதிவான பச்சைக் கொழுந்தின் எடையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.