கதவைத் திறக்கும் எண்ணும் களவு போகும்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் ஏற்பாட்டில் முதியவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் நிறுவனங்களிடம் மருந்துப் பட்டியல் மட்டுமல்ல, பல சமயம் கதவைத் திறக்கும் எண்ணும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சுகாதார, பராமரிப்பு நிறுவனங்களுக்கு மென்பொருள் தரும் அட்வான்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 79,404 பேரின் தகவல்களை எடுத்துச் சென்றார்கள். வீட்டில் பராமரிப்பு பெறும் 890 பேரின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்ற விவரமும் அதில் இருந்தது. நினைத்தாலே பதறுகிறது. திருடர்கள் நுழைந்த கணக்குக்கு, கடவுச்சொல்லுக்குப் பின் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புகூட இல்லை! 2025 மார்ச்சில் தகவல் ஆணையர் அலுவலகம் அட்வான்ஸ்டுக்கு 30.7 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது, சரி. ஒப்பந்தம் கொடுக்கும் கவுன்சில்கள், தகவல் பாதுகாப்பு பற்றிப் பராமரிப்பு நிறுவனங்கள் ஆண்டுதோறும் நிரப்பித் தரும் சுயமதிப்பீட்டுப் படிவத்தோடு நிற்காமல் நேரில் சோதிக்க வேண்டும். அதற்கான செலவையும் கட்டணத்தில் சேர்த்துத் தர வேண்டும். சிறிய நிறுவனங்கள் பணத்துக்கு எங்கே போகும்?

வாசகர், லண்டன்