மெய்ப்பித்தவரா யுங்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கும் ஆன்மிகமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். “கடவுள் இருப்பதை உளவியல் வழியே மெய்ப்பித்தவர் கார்ல் யுங்” என்று நிஜமாகவே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டாம் முறை.

சான்றாக 1959ஆம் ஆண்டு பி.பி.சி. பேட்டியைக் காட்டுகிறார் கட்டுரையாளர். கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்விக்கு, ‘நம்பத் தேவையில்லை, எனக்குத் தெரியும்’ என்றார் யுங். சரி. கடிதங்கள் குவியவும், தாம் ‘கடவுள் இருக்கிறார்’ என்று சொல்லவே இல்லை, இன்னதென்று அறியமுடியாத ஒன்றை எதிர்கொள்கிறேன், அதையே கடவுள் என்கிறேன் என்று ஒரு பத்திரிகைக்கு அவரே எழுதி விளக்கியதும் தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளரின் கையில் அந்தக் கடிதம் மட்டும் சிக்கவில்லை போலும். யுங்குக்கும் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்ததில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

1937இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றி, பிறகு நூலான உரைகளிலேயே, தம் ஆய்வைக் கடவுள் இருப்பதற்கான நிரூபணமாகக் கொள்வது வருந்தத்தக்க பிழை என்று யுங் எழுதிவிட்டார். மனித மனத்தின் ஆழத்தில் எல்லோருக்கும் பொதுவாக உறைந்திருக்கும் வடிவத்தை ஆழ்படிமம் என்பார் அவர்; மனத்தில் கடவுள் என்று அப்படி ஓர் ஆழ்படிமம் இருக்கிறது, அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த எல்லைக்குள் அவரே நின்றாரா என்பது வேறு விஷயம். அவர் நிற்கவில்லை என்பதுதான் யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபரின் குற்றச்சாட்டு. டொமினிக்கன் சபையின் கத்தோலிக்கத் துறவி விக்டர் வொயிட்டோடு யுங்குக்கு இருந்த நட்பு, 1952இல் வந்த யுங்கின் ‘யோபுக்கு மறுமொழி’ நூலுக்குப் பின் கசந்தே போனது. கடவுளை மெய்ப்பித்துக் கொடுத்தவரோடு இறையன்பர்களுக்கு ஏன் ஐயா இத்தனை சண்டை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அப்பா இறந்தபின் ஏழெட்டு மாதம் எனக்கு ஒரே கனவு. பூட்டிய கதவின் முன் அவர் வெறுங்காலோடு நிற்பார். யுங் வழியில் ஆலோசனை தருவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் போனேன். அது தெய்வ சமிக்ஞை, சரணடையுங்கள் என்றார். இன்னொருவர், கனவுக்கெல்லாம் பொருள் கிடையாது என்று தூக்க மாத்திரை எழுதினார். அது எந்தக் கதவு என்று இருவருமே கேட்கவில்லை. யுங் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். அப்பா மணிக்கணக்கில் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் அறையின் கதவு அது. யுங்கின் தந்தை ஒரு கிறித்தவப் போதகர். கடவுள் ஒருவரே மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவப் பாடத்துக்கு மகன் ஆவலோடு காத்திருந்தார்; அது வந்தபோது, தமக்கே அது புரியவில்லை, தாண்டிப் போவோம் என்றாராம். அந்த இடத்தைப் படித்த இரவில் நான் வெகுநேரம் அழுதேன். உங்கள் கட்டுரையில் அந்தத் தந்தைக்கு ஒரு வரிகூட இல்லை.

முன்பு ஒருமுறை, நாம் நம்முடையதென்று ஏற்க மறுக்கும் மனப்பகுதியைக் குறிக்கும் யுங்கின் ‘நிழல்’ என்ற கருத்தைப் பாவம் என்றே மொழிபெயர்த்தீர்கள். அதற்கும் முன்பு, யுங் என்று பெயரிட்டு ஃபிராய்டின் படத்தைப் போட்டீர்கள். இம்முறை கட்டுரையை ராசிபலனுக்கு எதிர்ப்பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். யுங்கும் ஜாதகம் பார்த்தவர்தானே என்று பதில் வரும், தெரியும்.

‘மெய்ப்பித்தவர்’ என்ற சொல்லுக்கு அடுத்த இதழில் ஒருவரித் திருத்தம் போதும். இடமில்லையென்றால் இக்கடிதத்தை விட்டுவிடுங்கள், சுருக்கவேண்டாம். போனமுறை சுருக்கியதில் என் கண்டனம் பாராட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்