வித்தியாசம் ஆறு: அரிசோனாவின் எண்ணும் அறைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2014 நவம்பர் 4 அன்று அரிசோனாவின் 2ஆவது காங்கிரஸ் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்தது. யார் வென்றார் என்று சொல்ல டிசம்பர் 17 ஆயிற்று. நடுவே 43 நாள். முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் மார்த்தா மெக்சாலிக்கு 109,704. ஜனநாயகக் கட்சியின் ரான் பார்பருக்கு 109,543. வித்தியாசம் 161. மறு எண்ணிக்கை முடிந்தபோது அது 167. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை முதலிலிருந்து மறுபடி எந்திரத்தில் ஓட்டியும் வித்தியாசம் அசைந்தது ஆறுதான்.

அந்த ஆறுக்குத்தான் இந்த மடல். மறு எண்ணிக்கையில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், முதல் தடவையே யாரோ ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள். வென்றவருக்கும் தோற்றவருக்கும் நன்றி சொல்ல அவரவர் கட்சியில் ஆள் உண்டு. உறையில் கையெழுத்துப் பார்த்தவர், கசங்கிய சீட்டை நீவியவர், சாவடி வாசலில் அடி அளந்து பலகை நட்டவர் ஆகியோர் எந்த மேடையிலும் வருவதில்லை. பத்தாண்டு தாமதம்தான், பொறுத்தருளுங்கள். தமிழில் எழுதக் காரணம் உண்டு. புதிதாகக் குடியுரிமை பெற்று, முதல் வாக்கு உறையை அஞ்சல் பெட்டியிலிருந்து எடுக்கும் நம்மவர்களும் நீங்கள் செய்வது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தொகுதியைப் பற்றி இரண்டு வரி. டூசான் நகரின் கிழக்குப் பகுதி அடங்கிய பீமா கவுன்டியின் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல) ஒரு துண்டு, அத்துடன் கொச்சீஸ் கவுன்டி: சியரா விஸ்டா, பிஸ்பி, டக்ளஸ். டக்ளஸில் வேலிக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் அகுவா பிரியேத்தா. பீமா பார்பர் பக்கம், கொச்சீஸ் மெக்சாலி பக்கம். 2012இலும் இதே இருவர்தான் மோதினார்கள். அப்போது பார்பர் 2,454 வாக்கில் தப்பினார். எனவே 2014இல் ஒவ்வொரு உறையும் எடை போடப்படும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும்.

முதல் நன்றி கையெழுத்து ஒப்பிடும் மேசைக்கு. அரிசோனாவில் பெரும்பாலானோர் அஞ்சல் வழியே வாக்களிக்கிறார்கள். நம்மூரில் விரலில் மை வைப்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது உறையின் மேல் போடும் கையெழுத்து. உறையைப் பிரிக்கும் முன் அதைக் கவுன்டிப் பதிவாளர் அலுவலகம் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால் மோசடி என்று பொருளில்லை, பெரும்பாலும் வேறு கதை. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் மின்திரையில் கிறுக்கிய கையெழுத்தே சிலருக்குப் பதிவேட்டில் இருக்கும். காகிதத்தில் பேனாவால் போட்டது அதன் சாயலில் இராது. பக்கவாதம் வந்த கை, மணமாகிக் குடும்பப் பெயர் மாறிய கை, இருபது ஆண்டுக்கு முன் பதிந்த கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது, கணவன் உறையில் மனைவியும் மனைவி உறையில் கணவனும் கையெழுத்திடுவது. சமையலறை மேசையில் இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்த உறையை உடனே தள்ளிவிடாமல், பழைய படிவங்களைத் தேடி எடுத்து, எழுத்தின் சாய்வையும் இணைப்பையும் பார்த்து, பிறகு வாக்காளரைத் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் நீங்கள். 2014இல் இப்படிக் கூப்பிட எத்தனை நாள் அவகாசம் என்பது கவுன்டிக்குக் கவுன்டி வேறுபட்டது. அது நியாயமில்லை. 2018 தேர்தலில் அந்தப் பிரச்சினை நீதிமன்றம் வரை போனபின், 2019இல் ஒரே சட்டம் வந்தது: பொருந்தாத கையெழுத்தைத் தேர்தலுக்குப் பின்னும் ஐந்து வேலை நாளுக்குள் சரிசெய்யலாம் என்றது அது. ஆனால் கையெழுத்தே இல்லாத உறைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தேர்தல் நாள் மாலை 7 மணியே எல்லை. மறதிக்கு இவ்வளவு கடுமை எதற்கு என்று எங்களுக்குத் தோன்றினாலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றே சொல்லிவிட்டது.

உறை சுமந்த அஞ்சல்காரர்களுக்கும், கதவு தட்டிய தொண்டர்களுக்கும் அடுத்த நன்றி. உறை கவுன்டியின் கையில் சேர வேண்டிய நேரமும் தேர்தல் நாள் மாலை 7 மணிதான். அஞ்சல் முத்திரைத் தேதி கணக்கில் வராது. திங்கட்கிழமை பெட்டியில் போட்டுவிட்டேன் என்ற வாதம் செவ்வாய்க்கிழமை எடுபடாது. அதனால்தான் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், தவறினால் நேரில் சாவடியில் கொண்டுபோய்ப் போடுங்கள் என்று சலிக்காமல் சொன்னீர்கள். 2014இல் தொண்டர்கள் அண்டை வீட்டார் உறையையும் சேர்த்து எடுத்துப்போக முடிந்தது. 2016 சட்டத்துக்குப் பின் முடியாது: குடும்பத்தார், ஒரே வீட்டில் வசிப்போர், பராமரிப்பாளர் தவிர வேறு யார் எடுத்துப்போனாலும் குற்றம். கார் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உதவ நினைத்தால் அவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். உறை அவர் மடியிலேயே இருக்கட்டும்.

சியரா விஸ்டாவை ஒட்டி ஹுவாச்சுகா கோட்டை, டூசானில் டேவிஸ்-மந்தன் விமானத் தளம் என்று தொகுதியில் படைவீரர் மிகுதி. வெளிநாட்டில் பணியில் இருப்போருக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். அந்த 45ஆவது நாளுக்குள் வேட்பாளர் பட்டியலை முடித்து, அச்சுக்குக் கொடுத்து, பிழை பார்த்து அனுப்பியவர்களின் கோடைக்காலம் எப்படிப் போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இனி வாக்குச் சாவடி. காலை 6 மணி முதல் மாலை 7 வரை. ஒரு மேற்பார்வையாளர், ஒரு காவலர், வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த இரு நடுவர்கள், எழுத்தர்கள். வாசலிலிருந்து 75 அடி அளந்து பலகை நட வேண்டும். அதற்குள் பிரச்சாரம் கூடாது. மூடுவதற்கு ஒரு மணி, அரை மணி, கால் மணி, ஒரு நிமிடம் முன் என்று நான்கு முறை உரக்க அறிவிக்க வேண்டும். 7 மணிக்கு வரிசையில் நிற்பவர் எத்தனை பேரானாலும் வாக்களித்துவிட்டே போவார்கள்.

சாவடியில் உங்களை வாட்டியது தற்காலிக வாக்கு. பட்டியலில் பெயர் இல்லை, வீடு மாறிவிட்டது, அடையாள அட்டையில் ஒரு குடும்பப் பெயர், பட்டியலில் இரண்டு. ஸ்பானிய முறையில் தந்தை பெயரும் தாய் பெயரும் சேர்ந்து வருவதால் பின்னது தினமும் நடக்கும். இவற்றைவிட அதிகம், அஞ்சலில் சீட்டு வாங்கிவிட்டு அதை வீட்டில் போட்டுவிட்டு நேரில் வருபவர்கள். இவர்கள் எல்லோருக்கும் தனி உறையில் தற்காலிகச் சீட்டு. அஞ்சல் சீட்டு ஏற்கெனவே வந்து சேரவில்லை என்று உறுதியான பிறகுதான் அது எண்ணப்படும். முடிவு தாமதமாவதற்கு இது ஒரு காரணம். தேர்தல் நாளன்று கடைசி நேரத்தில் சாவடியில் போட்ட அஞ்சல் உறைகள் இன்னொன்று. அவற்றின் கையெழுத்துகளை அன்றிரவுக்குப் பிறகுதான் பார்க்க முடியும். “ஏன் இன்னும் எண்ணுகிறார்கள்” என்று தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கு இதைவிட மர்மமான பதில் எதுவும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று பீமாவில் தன் பிரிசிங்டுக்கு (வாக்காளர் வசிக்கும் வட்டாரத்துக்கு) உரிய சாவடியில்தான் வாக்களிக்க முடியும். தவறான சாவடியில் போட்டால் முழுச் சீட்டும் தள்ளுபடி. தவறாகத் தள்ளப்பட்டவை என்று 133 வாக்குகளைக் குறிப்பிட்டுப் பார்பர் தரப்பு கூட்டரசு நீதிமன்றம் போனது. நீதிபதி ஏற்கவில்லை. 133ஐயும் அவருக்கே சேர்த்திருந்தாலும் 161ஐ எட்டியிருக்காது. ஆனால் அந்த 133 பேரும் வாக்களிக்க முனைந்தவர்கள். பீமா 2022இல் மின்னணுப் பதிவேட்டோடு எந்த மையத்திலும் வாக்களிக்கலாம் என்று மாறியதும் அந்தத் தொல்லை அங்கே ஓய்ந்தது. மாற்றத்தைக் கொண்டுவர உழைத்தவர்களுக்கும் நன்றி.

எண்ணும் அறைக்கு வருவோம். உறையிலிருந்து வரும் சீட்டு மடிந்திருக்கும். நீவாமல் கொடுத்தால் எந்திரம் சிக்கிக்கொள்ளும். மடிப்புக் கோடு குறியிடும் இடத்தின் மேல் விழுந்தால் அதையே வாக்கு என்று படித்துவிடவும் கூடும். காப்பி சிந்திய சீட்டு, கிழிந்த சீட்டு, எந்திரத்துக்குத் தெரியாத நிறத்தில் எழுதிய சீட்டு எதுவும் உள்ளே போகாது. அப்போது இரு கட்சியினர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் நிரப்ப, புதிய சீட்டில் படியெடுக்கிறார்கள். அசலுக்கும் படிக்கும் ஒரே வரிசை எண். பிறகு யார் வேண்டுமானாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம். இது பழி வராமல் காக்கும் வேலை. சலிப்பானது, அதனாலேயே விலைமதிப்பற்றது. வேட்பாளர் பெயரைச் சுற்றி வட்டம் போடுபவர்களும் இருக்கிறார்கள்; எந்திரத்துக்கு அது வெற்றுச் சீட்டு. அதைக் கண் வைத்துப் பிடித்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அதன்பின் கையால் சரிபார்ப்பு. குலுக்கலில் எடுத்த 2 சதவீதச் சாவடிகளும், அஞ்சல் சீட்டில் 1 சதவீதமோ 5,000மோ எது குறைவோ அதுவும். எண்ணுபவர்களைக் கட்சிகளே அனுப்ப வேண்டும். கட்சிகள் ஆள் அனுப்பாத கவுன்டியில் இந்தச் சோதனையே நடக்காது. தேர்தல் முடிந்த களைப்பில், வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்த இரு கட்சித் தொண்டர்களே, உங்கள் கட்சிப் பேச்சாளர்கள் செய்ததைவிட நீங்கள் செய்தது அதிகம்.

மறு எண்ணிக்கை எப்படி வந்தது? அன்றைய சட்டப்படி வித்தியாசம் 0.1 சதவீதம் அல்லது 200 வாக்கு, எது குறைவோ அதற்குள் இருந்தால் தானாகவே வரும். இங்கே 0.1 சதவீதம் ஏறத்தாழ 219, எனவே 200 என்பதே கணக்கு. 161 அதற்குள் விழுந்தது. யாரும் கேட்க வேண்டியதில்லை, பணம் கட்ட வேண்டியதில்லை. டிசம்பர் 1 அன்று மாநிலம் முடிவை உறுதிசெய்ததும் உத்தரவு வந்தது. முதலில் பயன்படுத்திய நிரலை விட்டு வேறு நிரலில் எந்திரத்தை ஓட்ட வேண்டும், முடிவை நீதிமன்றத்தில்தான் திறக்க வேண்டும். திறந்தபோது ஆறு.

அந்த ஆறின் அருமை 2022இல் விளங்கியது. அதற்குள் வரம்பு 0.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. அந்த ஆண்டு மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கான போட்டியில் 511 ஆக இருந்த வித்தியாசம் மறு எண்ணிக்கையில் 280க்குச் சுருங்கியது. காரணம், பினால் கவுன்டியின் முதல் எண்ணிக்கையில் சுமார் 500 வாக்கு விட்டுப்போனது. வென்றவர் மாறவில்லை. ஆனாலும் மேலே சொன்ன மேசைகளில் ஒன்றில் கவனம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அதே 2022இல் கொச்சீஸ் கவுன்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவின் மூவரில் இருவர், நவம்பர் 28 கெடுவுக்குள் தம் கவுன்டியின் முடிவை உறுதிசெய்ய மறுத்தார்கள். விட்டிருந்தால் கொச்சீஸின் 47,000க்கும் மேற்பட்ட வாக்குகள் கணக்கிலேயே வந்திருக்காது. புதிதாக வரையப்பட்ட 6ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சியின் ஹுவான் சிஸ்கோமனி முன்னிலை 5,000க்குச் சற்று மேல்தான். கொச்சீஸ் போனால் அதுவும் போயிருக்கும். தம் கட்சி வேட்பாளரையே கவிழ்க்கும் காரியம் அது. நீதிமன்ற உத்தரவின்பேரில் டிசம்பர் 1 அன்று 2-0 என்று கையெழுத்தானது. மறுத்தவர்களை எதிர்த்து அன்றே நீதிமன்றம் போன வாக்காளர்களுக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும், எங்கள் நன்றி.

இனி உறை வாங்கப்போகும் நம்மவர்களுக்கு. கருப்பு அல்லது நீல மை. குறியிடும் இடத்தை முழுதாக நிரப்புங்கள். தவறிவிட்டால் அடித்துத் திருத்தாமல் மாற்றுச் சீட்டு கேளுங்கள். உறையில் உங்கள் பெயர்தானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். கையெழுத்து மேசையில் இருப்பவருக்கு உங்களைக் கூப்பிட எளிய வழி அதுதான். பழகாத எண்ணிலிருந்து அந்த வாரம் அழைப்பு வந்தால் எடுங்கள்.

நன்றியுடன்,
தென் அரிசோனாவின் தமிழ் வாக்காளர்கள் சிலர்