2024–25 ஆண்டறிக்கை: ஊர்ப் பிள்ளைகளும் உலைத் தண்ணீரும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது ஊர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விளையாட்டு விழா வழக்கம்போல் நடந்தது. கபடி இறுதிப் போட்டி வழக்கம்போல் சண்டையில் முடிந்தது. கோப்பை இன்னும் நூலக அலமாரியில்தான் இருக்கிறது. மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி நம் பிள்ளைகளின் பல்லுக்கும் எலும்புக்குமே போனது.

தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பல் கறையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நிலத்தடிப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொட்டபோது அது கூடியதே தவிரக் குறையவில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எட்டு வயதுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகும்போதே இந்தத் தண்ணீர் உள்ளே போனால் விழும் கறை, எதைத் தேய்த்தாலும் போகாது. பெரியவர்களுக்கு முட்டியும் முதுகும் மடங்காமல் இறுகிப்போகின்றன. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியது 1937-இல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது 2013-இல். ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் வந்த அந்தக் குழாயை நான் குறை சொல்ல மாட்டேன். அது வந்த பிறகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரிவது ஏன் என்பதுதான் இந்த ஆண்டு நம் கேள்வி.

ஜூலையில் தலைமையாசிரியரின் அனுமதியோடு பள்ளியில் தண்ணீர்ப் பரிசோதனை நடத்தினோம். சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்துச் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். ஃபுளோரைடு கூடக் கூட அது மஞ்சளாகத் திரும்பும். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். குடிக்கும் குடத்துத் தண்ணீர் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும், அம்மா உலை வைக்க எடுத்துவைத்திருந்த தண்ணீரையும் தனியாக ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். அது வண்ண அட்டையின் கடைசிக் கட்டம் வரை மஞ்சளாகிவிட்டது. மறுநாள் எல்லோரையும் உலைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னோம். வரிசையாக மஞ்சள்.

ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் பத்திரப்படுத்தி, சோற்றுக்கும் பருப்புக்கும் போர் தண்ணீரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறோம். கொதித்த தண்ணீர்தானே என்ற நினைப்பு. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் ஏறும். ஆக, குடத்தில் தவிர்த்ததைத் தட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்களைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. வரத்து குறையும் நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். முன்தெரு வீடுகள் சிலவற்றில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அவர்களில் நம் உறுப்பினர்களும் உண்டு, பெயர் வாசிக்கவில்லை. கடைசியில் இருக்கும் காலனிக்கு இரண்டு குடம் நிறைவதற்குள் குழாய் நின்றுவிடுகிறது. ஊரில் எந்தக் குழாய் பதித்தாலும் காலனி கடைசியிலேயே அமைவது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். கேன் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. நூறு நாள் வேலைக் கூலியில் வாழும் வீடு தினமும் கேன் வாங்குமா?

சாப்பாடும் சேர்ந்துகொள்கிறது. உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்த பிள்ளையைத்தான் ஃபுளோரைடு அதிகம் வாட்டுகிறது. மாடு கட்டியிருக்கும் வீடுகளிலேயே காலைப் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போகிறது, பிள்ளைக்குக் கடுந்தேநீர் கிடைக்கிறது. தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. பெங்களூரு கட்டட வேலைக்குப் போன பெற்றோர், பாட்டியிடம் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். நம் மண்ணில் விளையும் கேழ்வரகில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாமோ அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசியை வடிக்கிறோம்.

செய்தவை: அங்கன்வாடிக்கும், காலை உணவும் சத்துணவும் சமைக்கும் பள்ளிச் சமையலறைக்கும் தனித் தொட்டி வைத்து, ஒகேனக்கல் இணைப்பு மட்டும் கொடுத்திருக்கிறோம். சமையலர் அம்மா சாவியைத் தன்னிடமே வைத்திருக்கிறார், கை கழுவக்கூட அதில் விடுவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகள் கூட்டத்தில் உலைத் தண்ணீரைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கொரு முருங்கை என்று கன்று கொடுத்தோம். பாதியை ஆடு தின்றுவிட்டது, மீதி தழைத்திருக்கிறது.

செய்ய முடியாதவை: தொட்டியில் கலப்பதை நிறுத்தி, போர் தண்ணீருக்குத் தனிக் குழாய் போட வேண்டும் என்று நவம்பர் 23 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினோம். ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். மனு அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் நடக்கிறது. மார்ச் மாதக் கிராம சபையில் மீண்டும் எழுப்பினோம். மதிப்பீடு தயாரிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கலாம் என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். வடிகட்டியை மாற்றவும் மின்கட்டணம் கட்டவும் ஆண்டுதோறும் யார் பொறுப்பு என்பதை எழுதித் தந்தால் பேசலாம். குழாயில் வர வேண்டிய தண்ணீரைக் காசுக்கு விற்கும் வேலையைச் சங்கம் ஏற்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. பேரவை வேறு முடிவெடுத்தால் கட்டுப்படுவேன்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்கள் உங்கள் முன் வருகின்றன: குழாயில் மோட்டார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒரு மாதத்துக்குள் அதைக் கழற்ற வேண்டும் என்பது ஒன்று, தண்ணீர் விடும் நாளில் காலனித் தெரு வால்வை முதலில் திறக்கக் கோருவது மற்றொன்று. கை தூக்கும்போது எண்ணுவதற்கு மகளிர் குழுவிலிருந்து இருவர் முன்வர வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்