ட்ரோன் சோதனையில் தேறியதாக வந்த இயந்திரத்தில் கேஸ் கசிவு – புகார்

பெறுநர்:
மேலாளர்,
தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு.

பொருள்: கண்டன்சிங் யூனிட்டில் கேஸ் கசிவு, காயிலை மாற்றித் தரவும் சோதனைப் பதிவுகளை அனுப்பவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தடுப்பூசிகளும் இன்சுலினும் வைக்கும் எங்கள் குளிர் அறைக்காகத் தங்களிடம் வாங்கிய கண்டன்சிங் யூனிட் (குளிரூட்டும் கேஸை அழுத்தி, ஆறவைத்துத் திரவமாக்கும் இயந்திரம்), ஓடத் தொடங்கிய 41ஆம் நாள் இரவு நின்றுவிட்டது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய அறை, அலாரம் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது 13 டிகிரியில் இருந்தது. கேஸ் குறைந்துபோனதால் லோ பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியிருந்தது. மெக்கானிக் வந்து நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினார். கேஸ் ஆறித் திரவமாகும் வளைகுழாயான கண்டன்சர் காயிலின் அடிப்பக்க வளைவில், பிரேசிங் செய்த (வேறொரு உலோகத்தை உருக்கி ஒட்டிய) இணைப்பில் குமிழ் கிளம்பியது.

அந்த இரவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹெபடைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதால், அவற்றை ஐஸ் பேக்கோடு ஒட்டவிடாமல் பெட்டி பெட்டியாகப் பிரித்து, விடியும்வரை மூன்று பேர் மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பகுதியை ஒதுக்கியே வைக்க வேண்டியதாயிற்று.

பிறகுதான் இயந்திரத்தோடு வந்த தர அறிக்கையை நிதானமாகப் படித்தேன். 14 பக்கங்களில் 11 பக்கம், ட்ரோனில் பொருத்திய, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா எடுத்த படங்கள். அவற்றின் கீழே "கசிவு இல்லை" என்று முத்திரை. அழுத்தச் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தப் படங்களில் காயிலின் குழாய்கள் எல்லாமே ஏறத்தாழ 31 டிகிரி என்று காட்டுகின்றன. ஓடும் கண்டன்சரில் அப்படி இருக்க வழியில்லை. கம்ப்ரசரிலிருந்து கேஸ் நுழையும் முனை நன்றாகச் சுடும். திரவமாகி வெளியேறும் முனை அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆக, நின்றிருந்த இயந்திரத்தைப் படம் எடுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் கேமரா பார்த்தது குழாயின் சூட்டையே அல்ல. பளபளக்கும் புதுச் செம்பு தெர்மல் கேமராவுக்குக் கண்ணாடி மாதிரி; அதன் வெப்ப உமிழ்திறன் (தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், அதிகபட்சம் 1) 0.05 அளவுதான். கேமராவுக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி கூரையும் விளக்குகளும் எதிரொளிப்பது. எப்படிப் பார்த்தாலும் அந்த முத்திரைக்கு அடிப்படை இல்லை.

கசியும் கேஸும் சாதாரண தெர்மல் கேமராவுக்குத் தெரியாது. அதற்கென்று, அந்த வாயு உறிஞ்சும் அலைநீளங்களின் ஒரு குறுகலான பட்டையை மட்டும் பார்க்கும் தனிவகைக் கேமரா வேண்டும். ட்ரோனில் கேஸ் மோப்பக் கருவியைக் கட்டி அனுப்பினாலும், விசிறிகள் கீழே தள்ளும் காற்றே நுண்ணிய கசிவைக் கலைத்துவிடும். எங்கள் இயந்திரத்தில் ஓட்டை இருந்ததோ வளைவின் அடிப்பக்கம். மேலிருந்து பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் அது படாது.

ட்ரோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிடங்கின் உயரமான அடுக்குகளில் சரக்கு எண்ணவும், ஏணியும் சாரமும் கட்டி ஏற வேண்டிய கூரைக் குழாய்களைப் பார்வையிடவும் அது நல்ல கருவி. ஒரு தொழிலாளி உயரத்திலிருந்து விழாமல் காக்கிறது என்றால் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பிரேசிங் இணைப்பைச் சோதிக்க, நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும், அல்லது ஹீலியம் கொண்டு கசிவைத் தேட வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ட்ரோன் படம் வந்ததா என்பதே என் சந்தேகம்.

இன்னொன்று. காயிலின் மேல்விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு அலுமினிய ஃபின்கள் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) வளைவாக மடங்கிக் கிடக்கின்றன. பெட்டி அடிபடாமல்தான் வந்தது. இரும்புக் கூரையின் கீழ் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது, எஃகும் மோட்டார்களும் திசைகாட்டியைக் குழப்பும் என்று அறிவேன். ட்ரோன் இடித்ததா என்பதைத் தங்கள் பறப்புப் பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வெளியேறிய குளிரூட்டும் கேஸான ஆர் 134ஏ வாயுவையும் சும்மா விட முடியவில்லை. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 2016 கிகாலி திருத்தம் அதன் வெப்பமூட்டும் திறனைக் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,430 மடங்கு என்று கணக்கிடுகிறது. ஓர் இணைப்பைச் சோதிக்காததால் ஏற்றியதில் பெரும்பகுதி காற்றில் போயிற்று.

காயிலைத் தங்கள் செலவில் மாற்றி, மாற்றியபின் எங்கள் கண்முன்னே அழுத்தச் சோதனை செய்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்யூம் எடுத்து, கேஸ் ஏற்றித் தர வேண்டும். எங்கள் யூனிட்டுக்கு நைட்ரஜன் அல்லது ஹீலியம் சோதனைப் பதிவு இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தாருங்கள். பயன்படுத்த முடியாமல் போன மருந்துகளின் பட்டியலை இணைத்துள்ளேன். அதற்கான இழப்பீட்டையும் கோருகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, இதே தொகுதியில் தயாராகி வேறு மருத்துவமனைகளுக்குப் போன யூனிட்டுகளின் உரிமையாளர்களுக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். எங்களுக்காவது அலாரம் அடித்தது.

15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக் குளிர் அறைப் பொறுப்பாளர்

இணைப்பு: தர அறிக்கை நகல், வெப்பநிலைப் பதிவு, காயிலின் புகைப்படங்கள், மருந்துப் பட்டியல்