ஒப்பீட்டு வயலில் உளுந்தையும் வையுங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சியாளர்களுக்கும், டெல்டா மாவட்ட வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கும்,

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

சம்பா அறுவடைக்குப் பின் இரண்டாம் பயிராகச் சூரியகாந்தி போடலாம் என்ற பேச்சை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால், எந்த வீரிய ஒட்டு இரகம் இங்கே ஏற்றது என்று சோதிக்கும் முன், அதை எதனுடன் ஒப்பிடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கோ எச் 3, கேபிஎஸ்எச் 44, டிஆர்எஸ்எச் 1 ஆகிய சூரியகாந்தி ஒட்டு இரகங்களை அருகருகே விதைத்து, எது கூடுதல் மகசூல் தருகிறது என்று பார்ப்பது ஆராய்ச்சிக்குத் தேவையானதே. ஆனால் எங்கள் வயலில் சூரியகாந்திக்குப் போட்டி உளுந்துதான். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, நிற்கும் நெல்லுக்குள் ஈரப்பதம் பார்த்து உளுந்தை வீசிவிட்டால், உழவும் பாசனமும் இல்லாமல் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடுகிறது. சூரியகாந்திக்கோ உழவு, பார் பிடித்தல், உரம், ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டிய விதை, மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்ட பின் பம்புசெட் தண்ணீர் என எல்லாமே செலவு. ஆகவே ஒவ்வொரு சோதனைத் திடலிலும் இப்படி விளையும் நெல் தரிசு உளுந்தையும் ஒரு பாத்தியாக வைத்து, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதோடு செலவு போகக் கையில் நின்ற தொகையையும் வெளியிட வேண்டும்.

அடுத்தது விதைப்பு நாள். முன்சம்பா வயல் ஜனவரியிலேயே காலியாகிவிடும். குறுவைக்குப் பின் நடும் தாளடி வயலோ மார்ச் வரை இழுக்கும். மார்ச் 10-இல் விதைத்த பயிர் ஐம்பத்தைந்து, அறுபது நாளில் பூக்கும்போது அக்னி நட்சத்திரம் தொடங்கியிருக்கும். அந்த வெயிலில் மகரந்தம் வலுவிழந்து, பூக்கொண்டை பார்வைக்குப் பெரிதாக இருந்தும் நடுவட்டத்து மணிகளை விரலால் நசுக்கினால் வெறும் தோலாகவே அமுங்கும். ஜனவரி கடைசியில் முதலிடம் பெறும் இரகமே மார்ச்சிலும் முதலிடம் பெறும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் அதே இரகங்களை மூன்று தேதிகளில் விதைத்து, இப்படி உள்ளீடற்ற பொக்கு மணிகளின் விகிதத்தைத் தேதிவாரியாகக் கணக்கிடுங்கள்.

மணிபிடிப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெல்லே சூழ்ந்த ஊர்களில் தேனீ நடமாட்டத்தை நம்ப முடியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுவிட்டு ஒரு நாள் கொண்டையை மெல்லிய துணியால் ஒற்றிவிடச் சொல்லும் பரிந்துரை சரியானதே. அதற்கு ஆள் கிடைப்பதுதான் அரிது. மொட்டு நிலையிலேயே சில கொண்டைகளுக்குப் பை கட்டி, தன் மகரந்தத்திலேயே எந்த இரகம் எவ்வளவு மணி பிடிக்கிறது என்று பார்த்தால், எங்களுக்கு ஏற்ற இரகம் எதுவென்று தெரியும்.

மண்ணிலும் ஒரே அளவுகோல் செல்லாது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து இளகிய மண்ணில் எளிதாக வளரும் பயிர், சேறடித்து இறுகிய பழைய டெல்டாக் களிமண்ணில் நீர் தேங்கினால் வாடிவிடும். நாகப்பட்டினம் கடைமடையில் உப்புத் தண்ணீரையும் தாங்க வேண்டும். மூன்று இடத்திலும் திடல் அமையுங்கள். சராசரியை மட்டும் சொல்லாமல், மிகக் குறைந்த விளைச்சல் எங்கே, ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

திடல்கள் தொடர்ச்சியான பரப்பாக இருப்பது நல்லது. ஊரில் ஒருவர் மட்டும் ஒரு ஏக்கர் போட்டால், சுற்றுவட்டாரக் கிளிகள் அனைத்துக்கும் அவர் ஒருவரே விருந்து வைக்க வேண்டியிருக்கும்.

விலையைப் பொறுத்தவரை, 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். நெல்லுக்கு இருப்பதுபோல் கொள்முதல் நிலையம் ஊர்தோறும் சூரியகாந்திக்கு இல்லாததால், இரகப் பரிந்துரையோடு எங்கே, யார் வாங்குவார்கள் என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

திடலுக்கு நிலம் தர எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். சோதிக்கவுள்ள இரகங்களின் பட்டியலும் விதையும் மார்கழிக்குள் எங்களுக்குக் கிடைத்தால், இந்தத் தையிலேயே முதல் விதைப்பைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
காவிரி டெல்டா உழவர்கள் சார்பில் ஒருவர்